உங்கள் வீட்டில் இருக்கும் என் ஆப்பிரிக்காப் பெட்டி

உச்சிப்புளி,
26.6.2006

திருப்புல்லாணி மச்சான் மருதுபாண்டி அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் செல்லச்சாமி தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் வீரலட்சுமியும் ஆடு இரண்டும் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும், சேதுலட்சுமி அக்காவின் சுகத்தையும், இரண்டு வருஷமாக நீங்கள் என்மீது வளர்த்து வரும் கோபத்தின் சுகத்தையும் அறிய ஆவல். இந்தக் கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழிக்கவும். ஏனென்றால் உங்கள் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் என் பெட்டி ஒன்று இருக்கிறது. அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியாது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஆப்பிரிக்கா போகிறேன். சிரிக்க வேண்டாம். நான் வேலை பார்க்கிற தண்ணீர்த் தொண்டு நிறுவனம், டான்சானியா நாட்டில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நாலு கிராமங்களுக்கு நம் பக்கத்து மாதிரி ஊருணி வெட்டிக் காட்ட ஐந்து தொண்டர்களை இரண்டு மாதத்துக்கு அனுப்புகிறது. நாலு பேர் முடிவாகிவிட்டது. அதில் குழுத்தலைவர் அடியேன். பதினெட்டு வருஷத்தில் முப்பது ஊருணிக்கு அறிக்கை எழுதியிருக்கிறேனே தவிர, ஒரு கூடை மண் சுமந்ததில்லை. இது உங்களுக்கும் தெரியும், என் இடுப்புக்கும் தெரியும். சென்னை ஆபீசுக்கு மட்டும் தெரியாது.

பெட்டி கட்டுவதற்கென்றே கீழக்கரையிலிருந்து வாவு முகம்மது வந்தார். துபாய்க்குப் பன்னிரண்டு தடவை போய் வந்தவர். “செல்லச்சாமி, இருபது கிலோவுக்கு மேல ஒரு கிராம் கூடுச்சுன்னாலும் ஏர்போர்ட்டுல நடுச் சபையில தொறந்து போட்டுருவான். ஒன் பட்டாபட்டிய ஒலகமே பாக்கும். அல்லா காப்பாத்தணும்” என்று எச்சரித்தார். அவர் அந்தப் பக்கம் மஞ்சள் கயிற்றால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டக் கட்ட, இந்தப் பக்கம் வீரலட்சுமி கயிற்றின் இடுக்கு வழியாகவே கருவாட்டைச் செருகிக்கொண்டிருந்தாள். உப்பு நார்த்தங்காய் ஒரு ஜாடி, பருப்புப்பொடி, முண்டு மிளகாய் இரண்டு கிலோ. “ஏன்டி, ஆப்பிரிக்காவுல மொளகா வெளையாதா?” என்றால், “வெளையும். அதுக்கு நம்ம மொளகா மாதிரி ரோசம் இருக்குமா?” என்கிறாள். மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீங்கின கையோடு சென்னையிலிருந்து வந்து இறங்கினால், “கொல்லையில கீழாநெல்லி கெடக்கையில மஞ்சளுக்கு எந்தக் கிறுக்கனாவது ஊசி போடுவானா?” என்று வரவேற்றாள். பெட்டியை எடை போட மிளகாய் மண்டிக்குத் தூக்கிப் போனேன். எடை போடுகிறவர் இருபது என்றார். குளிர்ந்துபோய் வீடு வந்த பிறகுதான் உறைத்தது, மண்டி வழக்கப்படி சாக்குக்கு இரண்டு கிலோ கழித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்! பெட்டிக்கு ஏதய்யா சாக்கு என்று திரும்பப் போய்க் கேட்டால், “கழிக்காம எட சொல்லி எனக்குப் பழக்கமில்லண்ணே” என்கிறார். கடைசியில் என் சட்டைகள் அத்தனையும் வெளியே வந்தன. மிளகாய் உள்ளேயே இருக்கிறது.

இப்படித் தயாரான பெட்டிக்கு அடுத்த கண்டம் காலண்டரில் இருந்தது. பயணம் ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு வடக்கே சூலம். சென்னையோ நேர் வடக்கு. வீரலட்சுமி விமானத்தையே புதன்கிழமைக்கு மாற்றச் சொன்னாள். புதனுக்கும் வடக்கேதான் சூலம் என்றதும் வியாழனுக்கு மாற்றச் சொன்னாள். நம்ம ஊர் மினி பஸ்ஸா அது? அதற்கப்புறம்தான் பரஸ்தானம் வைக்க முடிவு செய்தாள். உங்களுக்குத் தெரியாததா? ஆகாத நாளில் பயணம் வந்தால், முன்னதாகவே ஒரு நல்ல நாளில் பெட்டியை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு கிளம்புகிற அன்றைக்கு ஆள் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விட வேண்டியது. நடுவில் பெட்டி வீடு திரும்பினால் பயணம் முறிந்தது. சரி, பக்கத்து வீட்டில் வை என்றேன். “ஒறமொறையா இருக்கணும்” என்று சொல்லி, போன வியாழக்கிழமை நீங்கள் வயலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவள் இதில் சாஸ்திரம் பார்த்தாளா, சூழ்ச்சி பார்த்தாளா என்று எனக்குச் சந்தேகம். ஆப்பிரிக்கா போக வேண்டுமானால் நான் உங்கள் வாசல்படி ஏறித்தான் ஆகவேண்டும்.

ஏறுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் தொண்டர் குழுவுக்குத் தலைமை தாங்கியதுண்டா? ‘உண்டு. 1978, பாம்பன், புயல் நிவாரண முகாம்’ என்று எழுதினேன். எழுதுகிறபோதே அந்த நாட்கள் எல்லாம் கண்முன்னே வந்துவிட்டன. அப்போது தீவுக்கு ரயிலை விட்டால் வழி ஏது? பாலத்தின்மேல் ரயில் ஆமை மாதிரி ஊர்ந்தது. நீங்கள் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் கடலுக்கு மேலே தொங்கப்போட்டுக்கொண்டு வந்தீர்கள். நான் உள்ளே கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு குலசாமி முனியய்யாவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே காரணத்துக்காக நோட்டைக் கொடுத்து என்னைத் தலைவர் என்றார்கள். இரண்டாம் நாளே சுட்ட கருவாட்டை அளவில்லாமல் தின்று, மூன்று நாள் நான் எழுந்திருக்கவில்லை. அந்த மூன்று நாளும் கடல் தண்ணீர் ஏறிப்போன குடிதண்ணீர்க் கிணற்றடியிலேயே நீங்கள் நின்றீர்கள். இறைப்பதும், ஊறவிடுவதும், நாக்கில் வைத்துத் துப்புவதும், மறுபடி இறைப்பதுமாக ஐந்து தடவை. உங்கள் கை இரண்டும் கயிறு அறுத்துப் புண்ணாகிக் கிடந்தது. ஐந்தாம் தடவை உப்பு போய்விட்டது. அந்தக் குடியிருப்பு இருளம்மாள் முதல் தண்ணீரைச் செம்பில் ஏந்திக்கொண்டு வந்து, “தலைவரய்யா, நீங்கதான் மொதல்ல வாய வைக்கணும்” என்று, நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்துவிட்டேன் மச்சான். நீங்கள் அங்கேதான் நின்றுகொண்டு சிரித்தீர்கள். “குடிலே, நல்லா குடி, ஒனக்குத்தான் வயிறு சரியில்ல” என்றீர்கள்.

அதோடு விட்டேனா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து ‘நான் இறைத்த கிணறு’ என்று அரை மணி நேரம் முழங்கிவிட்டு, முன்வரிசையில் இருந்த உங்களைக் காட்டி, ‘அன்று எங்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சியவர்’ என்றேன். கூட்டம் சிரித்தது. நீங்கள் குடித்துக்கொண்டிருந்த சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். அந்தப் பாதி சோடா பாட்டில் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள். ஐந்தாவது ஆளுக்கு இடம் காலியாக இருக்கிறது. கரை போடத் தெரிந்தவராகவும் கையில் பாஸ்போர்ட் உள்ளவராகவும் வேண்டுமாம். சிங்கப்பூரில் மகனைப் பார்த்துவந்த பாஸ்போர்ட் உங்களிடம் இருக்கிறது. வியாழனுக்குள் பெயர் கொடுத்தால் விசா வாங்கிவிடலாம் என்கிறார்கள். பாம்பனில் நடந்தது என்ன என்று நேற்றே ஆபீசுக்கு எழுதிவிட்டேன். தலைவராகவும் உங்களையே போடச் சொல்லிவிட்டேன். நீங்கள் வரவில்லை என்றால் நானும் போகப்போவதில்லை. நான் வெட்டுகிற ஊருணியை நம்பி நாலு கிராமம் காத்திருப்பது பாவம் மச்சான். அப்படியானால் பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். மிளகாய் முதல் தரம்.

அக்காவுக்கு என் வணக்கம். சிங்கப்பூர் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். உங்கள் கிடாரி சீக்கிரம் சினை பிடிக்கவும், உங்கள் கோபம் கொஞ்சம் தணியவும் உத்தரகோசமங்கைச் சாமியை வேண்டிக்கொள்ளும்,
செ.

பின்குறிப்பு: மேலே கண்ட எதற்கும் பதில் போட வேண்டியதில்லை. கையெழுத்தை முழுசாகப் போடுவதற்குள் நீங்களே பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். “ஏலே, கருவாட்டு வாடைக்குக் குதிரெல்லாம் கட்டெறும்பு. யாரக் கேட்டு என் வீட்டுல வச்சீக?” என்று போட்ட சத்தத்தில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது. “அய்யோ அண்ணே, பெட்டி திரும்பி வரலாமா, பயணம் போச்சே!” என்று வீரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேஜைமேல் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்து நின்றபடியே இரண்டு தடவை படித்தீர்கள். கிழிக்கவில்லை. “அங்கன மண்ணு செம்மண்ணா, களியா?” என்று மட்டும் கேட்டீர்கள். தெரியாது என்றேன். “கரைக்குச் சரிவு எம்புட்டு வைப்ப?” “ஒன்னுக்கு ஒன்னு.” “மொத மழையிலயே சரிஞ்சு போகும்லே. தலைவரெல்லாம் நீயே இருந்துக்க, காகிதம் எழுத ஒரு ஆளு வேணும்ல. கரைய நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, இப்போது வீரலட்சுமி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முறிந்த பயணத்துக்கு அவள் புதுச் சட்டம் போட்டுவிட்டாள்: உங்கள் பெட்டி இங்கே, என் பெட்டி அங்கே. கிளம்புகிற அன்றைக்கு நான் உங்கள் ஊருக்கும் நீங்கள் எங்கள் ஊருக்கும் பஸ் ஏற வேண்டும். அப்படியானால் நாம் சேர்ந்து கிளம்புவது எப்படி என்று கேட்டேன். வாயில் மீனை வைத்துக்கொண்டே, “ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுல நில்லுலே, வாரேன்” என்றீர்கள்.

நிற்கிறேன் மச்சான்.