சட்டிக்காரர் வாசலில் நின்ற ஞாயிற்றுக்கிழமை

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரை அந்த மனிதர் ஏறாத மொட்டைமாடி கிடையாது. ஏறி இறங்கிய பிறகு உட்கார்ந்து சாப்பிடாத வீடும் கிடையாது. கவர்னர் மாளிகையில் டிஷ் ஆன்டெனா கோணிக்கொண்டது என்று கூப்பிட்டிருந்தால் அங்கேயும் ஏறித் திருப்பி வைத்துவிட்டு, "இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று விசாரித்திருப்பார்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. டிஷ்ஷை எங்கள் ஊரில் சட்டி என்போம். அதை மாட்டுகிறவர் என்பதால் அவர் சட்டிக்காரர். போனை எடுத்தால் அவரும் "சட்டி பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. திருப்போரூரைச் சுற்றி வயலெல்லாம் மனைப்பிரிவுக் கொடிகள் பறந்துகொண்டிருந்தன. கேபிள் வயரை நம்பாமல் ஆளாளுக்கு மாடியில் சட்டி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் பத்திர ஆபீஸில் எழுத்தர். வீடு இரண்டு தெரு தள்ளி என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சட்டி மாட்ட வந்தவர் மாடிப் பக்கமே போகவில்லை. கூடத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். வீட்டில் எத்தனை பேர், மத்தியானம் தூங்குவது யார், சண்டை வந்தால் யார் எந்த அறைக்குப் போவது என்று ஒன்று விடாமல் கேட்டார். பெண் கொடுக்கும்போது என் மாமனார்கூட என்னை இவ்வளவு குடைந்ததில்லை. கடைசியில் டிவி இருந்த இடமே தப்பு என்று தீர்ப்புச் சொன்னார்.

"அடுப்பாண்ட நின்னா டிவி தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா பாலு பொங்கிடும்" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பீரோவை அவரே தள்ள ஆரம்பித்தார். அவர் மாடிக்குப் போவதற்குள் எங்கள் வீடே திசை மாறிவிட்டது. வேறு யார் வீட்டுக்கோ குடிவந்தவர்கள் மாதிரி நாங்கள் இருவரும் மூலையில் நின்றோம்.

சிக்னல் பார்க்க கம்பெனி அவருக்கு ஒரு மீட்டர் கொடுத்திருந்தது. புதுசு கெட்டுவிடும் என்று அதை உறை பிரிக்காமலே பையில் வைத்திருந்தார். அதனால் டிவி முன்னால் என் மனைவி, மாடிப்படியில் நான், மேலே அவர். அவர் சட்டியை ஒரு நூல் திருப்புவார். மனைவி திரையைப் பார்த்து "அறுபத்திரண்டு" என்பாள். நான் அதை மேலே கத்துவேன். எண்பதைத் தொட்டபோது எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அவர் விற்றது ஒரே ஒரு பேக்கேஜ்தான். இருப்பதிலேயே விலை குறைந்தது. தமிழ் சேனல் எல்லாம் உண்டு, பக்தி உண்டு, பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம் உண்டு. போதாததற்கு, என்ன மொழி என்று கடைசிவரை யாருக்கும் பிடிபடாத இரண்டு சேனல்களும் உண்டு. பெரிய பேக்கேஜ் வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அதில் கமிஷன் அதிகம் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

புதுவீடு கட்டிய மனை புரோக்கர் ஒருவர் இருப்பதிலேயே பெரியதைக் கேட்டார்.

"உனுக்கு கண்ணு எத்தினி?" என்றார் சட்டிக்காரர்.

"ரெண்டு."

"ரெண்டு கண்ண வெச்சிகினு எர்நூறு சேனல எப்டி பாப்ப? சொல்லு."

சின்னப் பேக்கேஜ் என்றால் தெருவில் மதிப்பாக இருக்காதே என்று புரோக்கர் இழுத்தார். அதற்கு சட்டிக்காரர், மற்ற வீடுகளைவிட ஓர் அடி உயரமாகச் சட்டியை வைத்துவிடுகிறேன் என்றார். அப்படியே வைத்தார். புரோக்கருக்குப் பரம திருப்தி.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வாக்குறுதிதான். "நான் கீற வரைக்கும் இந்த பேக்கேஜ் கீது. எங்கயும் போவாது, நான் கேரண்டி." கம்பெனிக்கும் சேர்த்து, மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளுக்கும் சேர்த்து அவரே ஜாமீன். நாங்களும் கம்பெனிக் காகிதத்தை ஒருவரும் படிக்கவில்லை. அவர் சொன்னால் சரி.

மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரக் குப்பங்களில் உப்புக்காற்று சட்டியை அரித்துவிடும். அதற்கு அவர் கண்ட வைத்தியம் விளக்கெண்ணெய். மாதம் ஒருமுறை குப்பத்து மாடிகளில் ஏறி, கைக்குழந்தைக்குத் தேய்ப்பது மாதிரி ஒவ்வொரு சட்டிக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு வருவார். சோதனைக்கு வந்த கம்பெனி ஆள் ஒரு சட்டியைப் பிடிக்கப் போய், வழுக்கி, கீழே உலர்த்தியிருந்த வலைமேல் விழுந்தார். அதற்குப் பிறகு கம்பெனி சோதனைக்கு ஆள் அனுப்பவில்லை.

அவருக்குக் குடும்பம் இல்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருந்தார். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை, மத்தியானச் சாப்பாடு முறை வைத்து ஒவ்வொரு வீட்டில். அதற்குச் சர்வீஸ் என்று பெயர். நன்றாக ஓடுகிற டிவியை ஐந்து நிமிஷம் முறைத்துப் பார்ப்பார். மாடியேறிச் சட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவார். பிறகு கை கழுவிக்கொண்டு உட்காருவார். எங்கள் வீட்டு முறை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு என் மனைவி யாரும் சொல்லாமலே ஓர் ஆழாக்கு அரிசி கூடப் போடுவாள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், அந்த மலிவுப் பேக்கேஜையே நிறுத்திவிடுவது என்று கம்பெனி முடிவெடுத்தது. செங்கல்பட்டில் ஒரு மண்டபத்துக்கு டீலர்களையெல்லாம் கூப்பிட்டு, நாஸ்தா கொடுத்து, மாசக் கடைசியோடு அது கிடையாது, எல்லோரையும் பெரியதுக்கு மாற்றிவிடுங்கள் என்றார்கள். சட்டிக்காரர் நாஸ்தாவைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாராம். டிவியில் கீழே ஏதோ ஆங்கிலத்தில் ஊர்ந்துகொண்டிருந்ததை நாங்கள் யாரும் சட்டை செய்யவில்லை. போனில் சொல்லிவிட்டால் போச்சு என்று மற்ற டீலர்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தானே சொல்வதென்று மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இங்கே என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன், படாளத்தில் விவசாயம். நெஞ்சுவலி என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் சிபாரிசில் அவர் வீட்டுக்கும் சட்டி மாட்டியது நம் ஆள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சட்டிக்காரர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்கண்ணா என்றாள் மனைவி. அசையவில்லை. மோர் கொடுக்கட்டுமா என்றாள்.

"ஒண்ணும் வாணாம்மா. சார் கீறாரா?"

எங்கள் பக்கத்தில் சாவு சொல்ல வருகிறவர்தான் அப்படி நிற்பார். வாசலைத் தாண்ட மாட்டார், பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். மனைவிக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

"படாளமா?" என்றாள்.

"படாளத்துலேர்ந்துதாம்மா வர்றேன்" என்றார், தலையைத் தூக்காமல். "மாசக் கடைசி வரைக்கும்தான் ஓடும்னு சொல்லிட்டாங்க. அப்பால ஒண்ணும் பண்றதுக்கு இல்லியாம்."

மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒரு குரல் எடுத்தாள். நான் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, யார் என்று கேட்காமலே கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் படாளத்துக்குச் செங்கல்பட்டில் எந்த பஸ் மாற வேண்டும் என்று எனக்கு விளக்கினார். ஒரு பேக்கேஜ்மேல் இந்தத் தெருவுக்கு இவ்வளவு பாசமா என்று நினைத்தாரோ என்னவோ, சட்டிக்காரரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

நான் படாளத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது மச்சானேதான். வெறும் வாயு என்று முந்தின நாளே அனுப்பிவிட்டார்களாம். பேசியபோது வாயில் இட்லி இருந்தது.

"உங்க சட்டிக்காரர் காலைல எங்க வாசல்லயும் இப்டித்தான் வந்து நின்னாரு மாப்ள. நான் பூட்டனோன்னு எனுக்கே டவுட் ஆயிடுச்சி" என்றார்.

சாவு மச்சானுக்கு இல்லை, பேக்கேஜுக்கு என்று அப்போதுதான் தெருவுக்குப் புரிந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒரு சேனலுக்காண்ணா இப்டி வந்து நின்னீங்க?"

"சொன்ன சொல்லு பூட்ச்சேம்மா" என்றார் அவர். "இனிமே இன்னா மூஞ்சிய வெச்சிகினு உங்க வூட்ல குந்திகினு சோறு துன்றது?"

யாரும் பதில் சொல்வதற்குள் மொபெட் தெருமுனை திரும்பிவிட்டது. அன்றைக்குப் போன இடமெல்லாம் இதே கூத்துதான் என்று பிறகு தெரிந்தது. குப்பத்தில் நாலு பேர் கடலுக்குப் போகாமல் சட்டை மாட்டிக்கொண்டு, மாலை வாங்க ஆளும் அனுப்பிவிட்டார்களாம்.

மாசம் முடிந்தது. சொன்னபடி திரை கறுத்தது. சட்டிக்காரர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சோறு மிஞ்சியது. வேறு டீலர்கள் பெரிய பேக்கேஜோடு தெருவைச் சுற்றினார்கள். அவர் மட்டும், நேற்று ஒன்று சொல்லிவிட்டு இன்றைக்கு வேறு ஒன்றை விற்க மாட்டேன் என்று அறையைவிட்டு வெளியே வரவில்லை. எங்கள் தெருவும் லேசில் மசியவில்லை. அவர் வந்து சொல்லாமல் எதுவும் வேண்டாம் என்றாள் என் மனைவி. எதிர்வீடும் அப்படியே. இத்தனைக்கும் மத்தியானத் தொடரில் கதாநாயகி நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அந்தத் தொடர் ஓடும்போது கரண்ட் போனால் கதை சொல்வது சட்டிக்காரர்தான். வீட்டுக்கொரு தொடர் ஓடும். நாளுக்கொரு வீட்டில் சாப்பிடுகிறவர் எந்தத் தொடரையும் வாரத்தில் ஒரு நாளுக்குமேல் பார்த்திருக்க முடியாது. மிச்சத்தை அவரே கட்டிச் சொல்வார். தொடரைவிட அது நன்றாக இருக்கும்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை, சமையலை முடித்த கையோடு மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடை மாடிக்குப் போனாள். ஒரு பாய், ஒரு ஸ்டவ், அதில் கொதிக்கும் உலை. அவ்வளவுதான் அறை. ஊரெல்லாம் சட்டி மாட்டியவரின் அறையில் டிவி இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"அந்தப் பொண்ணு பொழச்சாளான்னு தெரியலண்ணா. வந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

"எனுக்கு எப்டிம்மா தெரியும்? நான் எங்க பாத்தேன்?"

"நீங்க என்னிக்கு பாத்துட்டு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டவ்வைப் பார்த்தேன். அவர் குனிந்து ஸ்டவ்வை அணைத்தார்.

எங்கள் வீட்டில் கறுத்த திரைக்கு எதிரில் அவர் உட்கார்ந்து, முதல் வாய் சோறு உள்ளே போனதும் கதாநாயகிக்கு நினைவு திரும்பியது. குழம்பு தீர்வதற்குள் அவளுக்கு மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் வேலையும் வாங்கிக் கொடுத்து, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்கார்த்தி வைத்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று கேட்டு மூக்கைச் சிந்தினாள். அப்புறம்தான் புதுப் பேக்கேஜ்களின் காகிதத்தை விரித்தார். எங்களுக்கு ஒன்றைக் காட்டினார்.

"இது எவ்ளோ நாள்ணா ஓடும்?" என்று கேட்டாள் மனைவி.

ரசத்துச் சோற்றில் அவர் கை அப்படியே நின்றது.

"அது தெரியாதும்மா" என்றார். "நான் வருவேன்."

வந்தார். நாங்கள் அந்த ஊரில் இருந்தவரை பேக்கேஜ் எத்தனையோ தடவை மாறியது. அவர் வராத வாரம் இல்லை. எனக்கு மாற்றலாகிச் சாமான் ஏற்றிய அன்று, சட்டியைக் கழற்ற மாடிக்குப் போனவர் ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. கீழே என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.