லண்டனில் விடியாத கல்யாணம்

எனக்குக் கோபம் அதிகம் என்கிறார்கள் வீட்டில். ஆமாம், அதிகம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வேன் கழுவும் கிளீனராக ஆரம்பித்தவன், இன்று அம்பத்தூரில் வேன்கள் வரிசையாக நிற்கும் ஷெட்டுக்கு முதலாளி. சாதுவாக இருந்திருந்தால் இன்னும் வேன்தான் கழுவிக்கொண்டிருப்பேன். ஆனால் என் மகள் சுமதியின் ரிசப்ஷன் அன்று வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இதை எழுதும்போதுகூட ஒரு பேனாவை உடைத்துவிட்டேன். (சுகர் என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்.)

எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது. கார்த்திக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, "மாமா, உங்க வண்டிங்களுக்கு நான் ஒரு ஆப் எழுதித் தரேன்" என்றார். எந்த வேன் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே போகணும் என்று நான் அடித்தால் டிரைவரின் போனில் போய் விழும். பாடி மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம் வேறு எவன் வைத்திருந்தான் இப்படி ஒன்று? டீ கொண்டுவருபவர் வரை போனை நீட்டிக் காட்டினேன். டிரைவர்களைக் கூப்பிட்டு, "இனிமே யாரும் யோசிக்க வாணாம். போன் இன்னா சொல்லுதோ அதான்" என்று சட்டம் போட்டேன். கம்பெனி ட்ரிப்பெல்லாம் காலை ஆறு மணிக்கு மேல்தான். ஆப் ஒழுங்காக ஓடியது.

ஞாயிறு மாலை கரையான்சாவடி மண்டபத்தில் ரிசப்ஷன், திங்கள் விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் இருப்பது ஆவடி குவார்ட்டர்ஸில். ஞாயிறு மாலை ஐந்துக்கு மாப்பிள்ளையையும் வீட்டாரையும் அழைத்துவர ஒரு ட்ரிப். திங்கள் காலை நாலுக்கு மிச்ச சொந்தக்காரர்களுக்கு ஒரு ட்ரிப். இரண்டையும் நானே அடித்தேன். "என் வண்டி நிமிஷம் தப்பாது சம்பந்தி" என்று வாக்கும் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு விடிவதற்கு முன்பே சம்பந்தியிடமிருந்து போன். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர்.

"சம்பந்தி, உங்க டிரைவர் ஹாரன் அடிச்சு குவார்ட்டர்ஸையே எழுப்பிட்டாரு. முகூர்த்தத்துக்கு ஆள் ஏத்த வந்திருக்காராம். இன்னைக்கே தாலியக் கட்டிருவமா?"

டிரைவர் ஏழுமலையைக் கூப்பிட்டுக் கிழித்தேன். "ஞாயித்துக்கெயம நாலு மணின்னு போன்ல கீது அண்ணாத்தே, நீயே பாரு" என்றான். பார்த்தேன். திங்கள் என்று நான் அடித்தது ஞாயிறாகி உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளையைக் கேட்டிருக்கலாம். (நீங்கள் கொடுத்தது எனக்குப் புரியவில்லை என்று அவரிடம் போய் நிற்பதா? நானா?) மெஷின் ஒரு நாள் முந்துகிறது, அவ்வளவுதானே.

"இந்தா ஏழுமலை, போன் எந்த நாள் காட்டுனாலும் அதுக்கு மறுநாள் வண்டிய எடு."

படிக்காதவன் மூளை எப்படி வேலை செய்கிறது பார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

அன்று மாலை, ரிசப்ஷன் ஆரம்பிக்கிற நேரம் தாண்டிவிட்டது. மேடையில் சுமதி தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. "அவர் போன் எடுக்க மாட்டேங்கிறாருப்பா" என்றபோது அவள் கண் மை கரைய ஆரம்பித்திருந்தது. கீழே ஓர் அத்தை, "பையனுக்கு இஷ்டமில்லியாமே" என்று கதை கட்டத் தொடங்கிவிட்டாள். என் போனை மாடி ரூமில் சார்ஜில் போட்டது நினைவுக்கு வர, ஓடினேன். வழியில், சாப்பாட்டு ஹாலில், புதுச் சட்டையோடு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான் ஏழுமலை.

"டேய், வண்டி எங்கடா?"

"ஷெட்ல கீது. போன்ல ஞாயித்துக்கெயம அஞ்சு மணின்னு போட்டுக்கீது. அப்போ நாளைக்கித்தானே?"

"அப்புறம் நீ இன்னாத்துக்குடா வந்தே?"

"நீதானே பத்திரிகை வெச்சே அண்ணாத்தே."

"மாப்பிள்ளை இல்லாம ரிசப்ஷன் எப்படிடா நடக்கும்?"

"எனக்கும் டவுட்டாத்தான் இருந்துச்சு. யோசிக்காதேன்னு சொன்னது யாரு?"

அவனை அங்கேயே அடித்திருப்பேன். வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கியதால் தப்பித்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், பேண்டு வரவேற்றுக்கொண்டிருந்தது ஒரு டவுன் பஸ்ஸை. கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை இறங்கினார். பின்னால் சீர்த்தட்டை நெஞ்சோடு அணைத்தபடி சம்பந்தியம்மா. கடைசியாகச் சம்பந்தி இறங்கி, "உங்களுக்குப் போன் அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு. பஸ் நெரிசல்ல பையனுக்குப் போன் சத்தமும் கேக்கல" என்றார்.

மன்னிப்பா கேட்டேன்? மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா மாப்ளே ஆப் எழுதிக்கீறீங்க? திங்கக்கெயமைய ஞாயித்துக்கெயமயாக்குது?"

வேர்வையைத் துடைத்தபடி போனைப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. "மணியை நீங்க அடிச்சபடியே காட்டுது மாமா. தேதியை மட்டும் லண்டன் கணக்குல எடுத்துட்டேன். அவங்க நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. நம்ம விடியற்காலை நாலு மணிக்கு அங்க முந்தின நாள்தான். அஞ்சரைக்கு முன்னாடி இருக்கற ட்ரிப்பு மட்டும் தப்பா விழும். சாயந்திர ட்ரிப்பு சரியாத்தான் இருந்துச்சு... அதை யாரு மாத்தினா?"

பஜ்ஜியோடு பின்னால் வந்திருந்த ஏழுமலை என்னைக் கை காட்டினான்.

"ஆவடிலேந்து கரையான்சாவடி வர்ற வண்டிக்கு லண்டன்ல இன்னாய்யா வேலை?" என்று கத்தினேன். மேடையில் சுமதி சிரித்துவிட்டாள். மை வழிந்த முகத்தோடு அவள் சிரிக்கிற அந்தப் படம்தான் ஆல்பத்திலேயே நன்றாக வந்திருக்கிறது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த நேரம் சொன்னாலும், "ஆவடி டைமா, லண்டன் டைமா?" என்பார்கள். ஏழுமலை சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேத்தி பிறந்தாள் பாருங்கள், அதுவும் சரியாக விடியற்காலை நாலு மணிக்கு. இப்போது யூகேஜி போகிறாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முந்தின நாளே வந்து கை நீட்டி நிற்கிறாள்: "தாத்தா, லண்டன்ல எனக்கு பர்த்டே வந்துடுச்சு. கேக் எங்க?"

வாங்கிக் கொடுக்கிறேன். பில்லை அவள் அப்பனுக்கு அனுப்புகிறேன்.