உள்பக்கத் தாழ்ப்பாள்

சுவர் இடுப்பளவுக்கு எழும்பிய அன்று காலை, கல்யாணத் தரகர் சிவகுருநாதன் உள்ளே நின்று அறையைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்.

"பதினஞ்சு... பதினாறு. நீளம் காணும். அகலந்தான் கொஞ்சம் இறுக்கம், பிள்ளை."

குணேஸ்வரி தண்ணீர்க் குடத்தை மணலில் இறக்கினாள்.

"ஆருக்கு இறுக்கம்?"

"வாற மாப்பிள்ளைக்கு. துறைமுகத்தில கிளாக்கர். பூபாலசிங்கம் எண்டு பேர். கதவுக்கு என்ன மரம் போடுறாங்கள்? வெள்ளைக்காரர் பெட்டிப் பலகையை அடிச்சு விட்டிட்டுப் போயிடுவினம், கவனம்."

"ஐயா, இது நானும் அம்மாவும் இருக்கிறதுக்குக் கட்டுற வீடு."

"ஓம் ஓம். எல்லா வீடும் அப்பிடித்தான் தொடங்கும்."

சாம்பல்தீவில் பெண்ணுக்கு வீடு இருந்தால் மாப்பிள்ளை வருவான். தாலி கட்டியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே குடிவந்துவிடுவான். வீட்டைச் சீதனமாகக் கொடுத்த தாய் தகப்பன் பின்வளவில் கொட்டில் போட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். குணேஸ்வரி பி.ஏ. முடித்து ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடத்தில் ஒருவரும் அவளைப் பார்க்க வரவில்லை. மூன்றடிச் சுவரைப் பார்க்க ஆள் வந்துவிட்டது. பட்டத்தின் உயரம் எவ்வளவு என்று அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது: மூன்றடிக்கும் குறைவு.

போன மார்கழிச் சூறாவளி கடற்கரையோரத்து வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. அன்று தொடக்கம் அவளும் தாய் கனகம்மாவும் கிடுகும் தகரமும் சேர்த்துக் கட்டிய கொட்டிலில் கிடந்தார்கள். வாசலுக்குக் கதவில்லை, சாக்குத் தொங்கியது. ஆனி மாதம் அமெரிக்காவிலிருந்து ஓல்சன் என்றொரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவி, இரண்டு பையன்கள், எட்டு வயதுச் சிறுமி என்று குடும்பத்தோடு வந்து இறங்கினார். கோடை விடுமுறையில் கர்த்தரின் ஊழியமாகத் தங்கள் கையாலேயே வீடு கட்டிக் கொடுப்பார்களாம். ஊரில் தடக்காமல் ஆங்கிலம் பேசக்கூடிய ஒரே ஆள் குணேஸ்வரி. ஆகவே அவள் மொழிபெயர்ப்பாளர். ஆகவே முதல் வீடு அவளுக்கு.

அவளுக்கு வேண்டியிருந்தது உண்மையில் வீடுகூட அல்ல. ஒரு கதவு. கதவில் உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் தனியறை கிடைத்திருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம், அத்தோடு உலகம் வெளியே நின்றுவிடும். பிறந்ததிலிருந்து அவளுக்கு அந்தச் சத்தம் வாய்த்தது அந்த ஒன்பது மாதந்தான். இப்போது சாக்கை விலக்கிக்கொண்டு எதுவும் உள்ளே வரலாம்: ஆடு, அயல், அனுதாபம். சில நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலால் காற்றில் ஒரு தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்ப்பாள். சத்தம் வராது.

"இந்தப் பெரியவர் யார்?" என்று ஓல்சன் ஆங்கிலத்தில் கேட்டார்.

தரகர் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

"உதவி செய்ய வந்தவர்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" ஓல்சன் சாந்து நிரம்பிய தாச்சியைத் தூக்கித் தரகரின் கையில் வைத்தார்.

"பிள்ளை, என்ன இது?"

"வீட்டைப் பாக்க வாற ஆக்கள் எல்லாரும் கொஞ்சம் தூக்கிக் குடுக்கவேணுமாம். துரை சொல்லுறார்."

மத்தியானம் வரை கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. சிவகுருநாதன் பாதி வேட்டி சீமெந்தோடு பஸ் ஏறிப் போனார். தொலைந்தது என்று குணேஸ்வரி அன்றைக்கு இரண்டு பிடி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் காலை, நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் சட்டைப்பையில் இரண்டு பேனையுமாக ஒருவர் வந்து நின்றார்.

"நான் பூபாலசிங்கம். வீடெண்டால் மாப்பிள்ளையும் கல்லுத் தூக்கவேணும் எண்டு துரை கட்டாயமாச் சொன்னவராம். சிவகுருநாதர் அனுப்பினவர்."

மூன்று சீமெந்துக் கற்களைத் தூக்கினார். நாலாவது அவருடைய காலில் விழுந்தது.

கனகம்மா ஓடிவந்து மஞ்சள் அரைத்துக் கட்டி, மாப்பிள்ளையைக் கொட்டிலுக்குள் இருத்தி, சூடைமீன் பொரித்துச் சோறு போட்டாள். வீங்கின காலுக்குத் தினமும் கட்டு மாற்றவேண்டுமே! அலுவலகம் முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் அவர் நொண்டி நொண்டி வந்தார். கட்டு மாற்ற ஐந்து நிமிடம், சாப்பிட முக்கால் மணித்தியாலம்.

கிணற்றடியில் கதை பரவியது.

"வீடு முடிய முன்னமே மாப்பிள்ளை குடிவந்திட்டாராமே, கனகம்மாக்கா!"

"கால் வீக்கம் மாறினவுடன போயிடுவார்" என்று குணேஸ்வரி சீறினாள்.

"உனக்கென்னத்துக்கடி இந்தக் கோபம்? வெட்கப்படுற வயசில கோவிக்கிறாய்."

இதற்கு ஒரு வழி பார்க்கவேண்டும் என்று அவள் ஓல்சனிடம் போய், வீட்டுப் பத்திரத்தைத் தாயின் பெயரில் எழுதச் சொன்னாள். தாய் பெயரில் இருந்தால் சீதனம் ஆகாது. ஓல்சன் சம்மதித்தார். கனகம்மாதான் சம்மதிக்கவில்லை.

"என்ர பேரிலயோ? எனக்கென்னத்துக்கடி வீடு? எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறியோ?"

"அம்மா, நீங்கள் இருக்கிறதுக்கு!"

"நான் எங்கயும் இருப்பன். நீதான் ஒரு இடத்திலயும் இருக்கிறாயில்லை."

வேறு வழியில்லாமல் குணேஸ்வரி ஓல்சனைப் பிடித்து உண்மையை உடைத்தாள். இந்த ஊரில் வீடு கொடுத்தால்தான் பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் நடுத்தெருவுக்கு வருவாள், இது அநியாயம், பத்து வருடத்துக்கு வீட்டை யாருக்கும் கைமாற்றக்கூடாது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதுங்கள் என்றாள்.

ஓல்சனின் கண்கள் கலங்கின. அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

"அப்படியானால், நாங்கள் இந்த வீட்டைக் கட்டுவதால் உனக்கு விவாகம் நடக்கப் போகிறதா? நாங்கள் நாலு சுவரைக் கட்ட வந்தோம், கர்த்தர் ஒரு குடும்பத்தையே கட்டுகிறார்!"

அன்று பின்னேரமே புதுமணத் தம்பதிகளுக்கென்று முன்பக்கம் ஒரு விறாந்தைக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார். நொண்டிக்கொண்டு வந்த பூபாலசிங்கத்தைக் கட்டித் தழுவினார். தழுவலுக்குப் பழகாத மனிதர் பேனையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றார்.

இந்த அமளி போதாதென்று நோனா வேறு.

ஓல்சனின் மனைவி டொரத்தியை ஊரார் நோனா என்றார்கள். கணவர் ஒன்பது பேருக்குப் பேசினார், அவள் அரைவாசி ஆளுக்குக்கூடப் பேசவில்லை. ஆனால் குசினி விசயத்தில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டாள். கட்டி முடித்த யன்னலை உடைத்துக் கடல் தெரிகிற பக்கம் மாற்றினாள். அடுப்புக்கு இடுப்பளவில் மேடை கட்டினாள்.

கனகம்மா மேடையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நான் நிண்டுகொண்டோ சமைக்கிறது? நான் என்ன பொலிசுக்காரனோ? சொல்லு பிள்ளை அவவுக்கு."

குணேஸ்வரி சொன்னாள். நோனா மேடையின் விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டே, "இது நன்றாக இருக்கும்" என்றாள். அடுத்த நாள் மேடைக்கு மேலே ஒரு தட்டு அடித்தாள். அதற்கடுத்த நாள் சுவருக்கு நீலம் அடித்தாள். சமைக்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எங்கட குசினியிலயும் இவையின்ர ஆட்சிதான்' என்று குணேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு போடுகிற நாள் வந்தது. வெளியே பூட்டும் திறப்பும் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்" என்றாள் குணேஸ்வரி. இத்தனை நாளில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஓல்சன் சிரித்தார். "அன்பு நிறைந்த வீட்டில் உள்ளே எதற்கம்மா தாழ்ப்பாள்? யாரிடமிருந்து ஒளிப்பதற்கு?"

அவள் மணலை உதைத்துக்கொண்டு திரும்பினாள். நோனா தூரிகையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் நோனா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருக்கோணமலைக்குப் போனாள். பக்கீர் நானாவின் இரும்புக் கடையிலிருந்து ஒரு சாண் நீளப் பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். தானே முழங்காலில் நின்று திருகாணி முறுக்கினாள். தள்ளிப் பார்த்தாள். 'டக்.' இழுத்தாள். மறுபடி தள்ளினாள்.

குணேஸ்வரி கிட்ட வந்து, "நன்றி" என்றாள். நோனா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். முகம் சிவந்திருந்தது.

ஆவணி பிறந்தது. ஓல்சன் குடும்பம் புறப்பட இரண்டு நாள் இருக்க, வீடு கையளிக்கிற வைபவம். பத்தரைக்கும் பதினொன்றேகாலுக்கும் இடையில் சுபநேரம். பால் காய்ச்சப் புதுப்பானையோடு கனகம்மா. வேதப்புத்தகமும் திறப்புமாக ஓல்சன். கால் வீக்கம் மாறியும் நொண்டுவதை விடாத பூபாலசிங்கம், அவருடைய தாய், புதுவேட்டியோடு சிவகுருநாதன், பின்னால் பாதி ஊர். பால் பொங்கினதும் அப்படியே நிச்சயம் பேசிவிடுவதென்று குணேஸ்வரியைக் கேட்காமலே முடிவாகியிருந்தது.

"ஒரு நிமிடம். உள்ளே எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று நோனா உள்ளே போனாள்.

கதவு சாத்தப்பட்டது.

'டக்.'

ஐந்து நிமிடம் எல்லோரும் புன்னகையோடு நின்றார்கள். பத்து நிமிடத்தில் புன்னகை இறங்கியது. ஓல்சன் கதவைத் தட்டினார்.

"டொரத்தி! எல்லோரும் காத்திருக்கிறார்கள்."

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றது உள்ளேயிருந்து குரல்.

ஓல்சன் திறப்பைப் போட்டுத் திருப்பினார். திறப்பு நன்றாகத்தான் திரும்பியது. கதவுதான் அசையவில்லை. வேதப்புத்தகத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்தார். அதுவும் கதவைத் திறக்கவில்லை.

"வெள்ளைக்காரிக்கும் பேய் பிடிக்குமோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிடிச்சால் எந்தப் பாசையில விரட்டுறது? குணேஸ்வரியைத்தான் கூப்பிடவேணும்."

"பதினொண்டு பத்து!" சிவகுருநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார். "நோனா! நேரம் போகுது நோனா!"

பதினொன்றேகால் வந்தது. போனது. மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பை உதறிச் செருகினாள்.

"சுபநேரத்தில உள்ள போய்க் கதவைச் சாத்தினவள்தான் அந்த வீட்டுக்காரி. இனி இது என்ர பிள்ளைக்குச் சரிவராது. நட தம்பி!"

"அம்மா, அகலமும் கொஞ்சம் இறுக்கந்தான்" என்றார் பூபாலசிங்கம், தரகரைப் பார்க்காமல். நொண்டாமல் நடந்து போனார். பின்னால் தரகர் ஓடினார். கனகம்மா பானையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தி அழத் தொடங்கினாள்.

குணேஸ்வரி இத்தனை நாளும் படாத பாடுபட்டும் நடக்காதது முக்கால் மணித்தியாலத்தில் நடந்து முடிந்திருந்தது. அவள் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். ஆனால் கதவைச் சாத்திவிட்டுத் தான் தள்ளப்போகும் அந்தத் தாழ்ப்பாளின் முதல் சத்தத்துக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள்! அதையும் வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டைச் சுற்றிப் போய் யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

நோனா நீலச் சுவரில் சாய்ந்து, வெறும் சீமெந்துத் தரையில் காலை நீட்டி இருந்தாள். அழவில்லை. ஜெபிக்கவும் இல்லை. சும்மா இருந்தாள்.

"இது எங்கள் வீடு! திறவுங்கள்!" என்று குணேஸ்வரி ஆங்கிலத்தில் கத்தினாள்.

நோனா கண்ணை மூடினாள். அவ்வளவுதான்.

குணேஸ்வரி திரும்பினாள். ஓல்சனின் சிறுமி சூசன் யன்னலுக்குக் கீழே மணலில் சோகிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடை முழுக்க ஊர்ப் பிள்ளைகளோடு புரண்டு, அவர்களின் தமிழைச் சண்டைச் சொற்களோடு சேர்த்துப் பிடித்துவிட்டவள்.

"ஏனடி சூசி, கொம்மாக்கு அமெரிக்காவில எத்தனை அறை? அந்தப் பெரிய வீடெல்லாம் காணாதெண்டோ இந்த ஓரறைக்குள்ள வந்து பூட்டிக்கொண்டு இருக்கிறா?"

சூசன் சோகிகளைச் சட்டைக்குள் அள்ளிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களுக்கு வீடில்லையே அக்கா. அப்பான்ர அம்மா வீட்டில ஒரு அறைக்குள்ளதான் அஞ்சு பேரும். நாங்களும் ஒண்டு கட்டுவம் எண்டு அம்மா ஒவ்வொரு வருசமும் கேக்கிறவ, ஆனால் லீவு வந்தால் அப்பா ஆருக்காவது வீடு கட்ட வெளிக்கிட்டிடுவார்."