ஒரு தடவை எழுதினால் போதும்

“இன்னாபா எழுதி வெச்சிக்கீறீங்க? பச்சை பட்டனை அமுக்குன்றீங்க. இங்க பச்சையே இல்ல, மஞ்சள்தான் கீது!”

போனில் கங்கம்மாள். பழவேற்காட்டில் மீன்காரர்களுக்கு ஐஸ் உடைத்து விற்பவர். போனை எடுத்தவன் ஹேமநாத்.

கும்மிடிப்பூண்டியில் ஐஸ் உடைக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் இருந்தான். மெஷினை எப்படி ஓட்டுவது என்று எழுதுவதுதான் அவன் வேலை. அந்த வேலை நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் விக்டோரியா வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறார்.

அச்சுப் புத்தகத்துக்குத் தனியாக, நெட்டுக்குத் தனியாக எழுதும் பழக்கத்தை ஒழித்ததே ஹேமநாத்தான். “ஒரு இடத்துல எழுதுனா போதும் மேடம். அதைத் திருத்துனா ரெண்டுலயும் மாறிடும்” என்று பெரிதாக அளந்திருந்தான்.

டிசைன்காரர்கள் வழக்கம்போல் சொல்லாமல் எதையோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தான். மெஷின் நிற்கும் ஷெட் நூறடி தூரம். ஆனால் வெயில். உட்கார்ந்த இடத்திலேயே ‘பச்சை’யை ‘மஞ்சள்’ ஆக்கினான். நெட்டில் மாறியது. அச்சகத்துக்குப் போகும் கோப்பிலும் மாறியது.

செவ்வாய்க்கிழமை மறுபடி கங்கம்மாள். “கைப்பிடி வலப்பக்கம்னு போட்டுக்கீறீங்க. அது இடப்பக்கம்பா!”

“ஸாரிமா, இதோ மாத்திட்டேன்.”

புதன்கிழமை, “மூடிக்கு நாலு போல்ட்டுன்றீங்க. மூணுதான் கீது. நாலாவதை எங்க போய்த் தேடுவேன்? ஒரே பேஜாரா கீது.”

அதையும் மாற்றினான். என்ன வேகம், என்ன சேவை என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை ஆரணியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் போன் மேல் போன். மஞ்சள் பட்டன் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். ஒருவர் மூன்று போல்ட்டைக் கழற்றிவிட்டு மூடியை நெம்பி உடைத்தேவிட்டார்.

விக்டோரியா ஒரு புத்தகத்தை மேஜைமேல் போட்டார். “அச்சகத்துலேர்ந்து ரெண்டாயிரம் வந்திருக்கு. நம்ம மெஷின்ல ஏதுய்யா மஞ்சள் பட்டன்?”

ஹேமநாத் ஷெட்டுக்கு ஓடினான். பச்சை பட்டன். வலப்பக்கம் கைப்பிடி. நாலு போல்ட். ‘நீயெல்லாம் ஒரு டெக்னிக்கல் ரைட்டர், தூ’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, திரும்பி வந்து கங்கம்மாள் போனில் சொன்னதையெல்லாம் சொன்னான்.

“அந்தம்மா மெஷினை நேர்ல பார்த்துட்டு வா. பதிலோட வந்தா வேலை. இல்லாட்டி வரவே வேணாம்” என்றார் விக்டோரியா.

பழவேற்காட்டுக்கு பஸ் பிடித்தான். கங்கம்மாள் டீ வரவழைத்து உபசரித்தார். மெஷினைப் பார்த்தான். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மஞ்சள், இடப்பக்கம், மூன்று.

“இதை எங்ககிட்ட எந்த வருஷம்மா வாங்குனீங்க?”

“உங்க கைல எங்க வாங்குனேன்? இது வேற கம்பெனிது நைனா. அவுங்க புக்கு ஒரு எழவும் புரில. உங்கள்துதான் நெட்ல ஒயுங்கா இருந்துச்சு. மூணே இடம்தான் தப்பு, அதையும் சொன்னவுடனே மாத்திட்டீங்களே, மவராசன்!”