பக்கத்து வீட்டுக்குள் நீண்ட நாலு போல்ட்டு

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மச்சான் தங்கப்பாண்டிக்கு, சுடலைராஜ் எழுதிக்கொள்வது.

என் மகள் வெற்றிக்காக வீட்டு ஹாலில் மாட்டிய குத்துச்சண்டைப் பை, ஞாயிறு காலையில் சுவரோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. நீயும் வீட்டாரும் உடன்குடியில் சுகமென்றே நம்புகிறேன். இங்கே உன் தங்கை சுகிர்தத்தின் கோபம் தவிர எல்லாம் சுகம். போனில் சொன்னால் அவள் காதில் விழும், வாட்ஸ்அப்பில் போட்டால் அவள் கண்ணில் படும். ஆகவே கடையில் உட்கார்ந்து கைப்பட எழுதி கூரியரில் அனுப்புகிறேன். காரியம் ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்குள் பை வெளியே போகாவிட்டால் வெற்றியின் குத்துச்சண்டைக்கே முழுக்கு என்கிறாள். பிள்ளைக்கு அடுத்த மாதம் மாவட்ட அணிக்கான தேர்வு. அவள் பழகும் கிளப்பில் கூரை வேலை நடக்கிறது. வீட்டில் குத்தினால்தான் உண்டு. அண்ணன் சொன்னால் சுகிர்தம் கேட்பாள். நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். சாத்தாங்காட்டில் இரும்பு விற்கிறவன் வீட்டில் ஒரு கொக்கி மாட்ட வெளியாளைக் கூப்பிடுவதா என்று நானே டிரில்லிங் மெஷினை எடுத்தேன். பை நாற்பது கிலோ. அதைத் தாங்கும் இரும்புக் கையை யானையைக் கட்டினாலும் தாங்குகிற மாதிரி வெல்டிங் வைத்தேன். இரும்பில் குறை சொல்ல முடியாது மச்சான். சுவரைத்தான் நான் கேட்கவில்லை. இந்த வீட்டை வாங்கும்போது குழாயைத் திறந்து பார்த்தேன், தரையில் கோலிக்குண்டு உருட்டிப் பார்த்தேன், சுவரை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் லேசான வெள்ளைக் கல்லில் கட்டுகிறார்கள். டிரில் ரஸ்க்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நான் என் கை பலம் என்று நினைத்துக்கொண்டேன். வெற்றி நாலு குத்து விட்டிருப்பாள். பை, இரும்புக் கை, ஆங்கர் போல்ட்டு, அது பிடித்திருந்த சுவர் எல்லாம் கூட்டுக் குடும்பமாக இறங்கி டீப்பாய் மேல் உட்கார்ந்தன. சுகிர்தம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, செவத்தப் பேத்துப் போட்டியளே! இரும்புக் கடை வச்சிருக்கீயளா, வீடு இடிக்கிற காண்ட்ராக்டு எடுத்திருக்கீயளா?"

அப்போது உன் நினைவுதான் வந்தது. ராயபுரத்தில் ரயில்வே லைன் ஓரத்துப் பழைய குடோனில் நாம் குத்துச்சண்டை பழகினோமே, அங்கே பையா இருந்தது? கிழிந்த படகுப் பாயைத் தைத்து மணலும் கந்தலும் திணித்த மூட்டை. சுவருக்குச் சுவர் குறுக்கே போட்ட தண்டவாளத் துண்டில் சங்கிலியோடு தொங்கும். பகலெல்லாம் முதலாளி கடையில் கம்பி தூக்கிய தோளோடு போய் நிற்போம். ஜன்னல் வழியாக உப்புக் காற்றும் வலை காயும் வாடையும் வரும். நீ கையை நீட்டியதும் சாலமன் மாஸ்டர், "இன்னா நைனா, மூட்டைக்கு முதுகு சொறிஞ்சு வுட்டுகினு கீற? அடிடா!" என்பார். நீ அடித்தால் மூட்டை ஆடாது, நீதான் ஆடுவாய். ரயில் போனால் கட்டடமே அதிரும். அந்தத் தண்டவாளம் இம்மி அசையாது. முடிந்ததும் பர்மாக்காரர் கடையில் ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் வாங்கிப் பங்கு போடுவோம், முட்டை உனக்கு, சூப்பு எனக்கு. ஊரில் நம்மை யாரென்று கேட்க நாதியில்லாத காலம் அது. பின்னால் நான் கடை வைத்தது, மிரட்டினவன் முன்னால் காலை அகட்டி நின்றது எல்லாம் அங்கே கற்றதுதான். அதே நிற்பை இப்போது என் மகளிடம் பார்க்கிறேன் மச்சான். அதனால்தான் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

நேற்று சாயங்காலம் ஒரு அடி தள்ளி மறுபடி மாட்டினேன். நீளமான போல்ட்டுதான் நன்றாகப் பிடிக்கும் என்று கடையிலிருந்து முழ நீளத்தில் நாலு கொண்டுவந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது என்பது அந்த நேரத்துக்கு நினைவில் இல்லை. கதவு தட்டப்பட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற லியோனார்டும் அவர் மனைவி அடைக்கலமேரியும் நின்றார்கள்.

"இன்னா மாமு, உன் வூட்டு போல்ட்டு என் வூட்ல குடித்தனம் வந்துகீது? அட்வான்ஸ் யாரு குடுப்பா?" என்றார் லியோனார்ட்.

"நீ சும்மா இரு! அண்ணே, நான் செபமாலை சொல்லிகினு கீறேன், செவுத்துலேர்ந்து ஒண்ணொண்ணா இரும்பு மூக்கு நீட்டுது. பேயின்னு நெனச்சிட்டேன்!" என்றார் அடைக்கலமேரி.

நட்டு மாட்டாத போல்ட்டு இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு விழும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து, சுவரை நடுவில் இறுக்கினால்தான் இந்தக் கல் தாங்கும். கான்கிரீட் தூணில் மாட்டலாமென்றால், தூண் பாத்ரூமுக்குள் நிற்கிறது. ஆக, ஒரு தகடு அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்தாக வேண்டும். எந்த முகத்தோடு கேட்பது? அவர்கள் போனதும் சுகிர்தம், "மீன் கொழம்பு குடுத்து விடுத வீட்டுல போயி ஓட்ட போட்டிருக்கீய. ஞாயித்துக்கெழமைக்குள்ள மூட்ட போகலேன்னா, பிள்ள குத்தவே வேண்டாம்" என்று முடித்துவிட்டாள். வெற்றி கையுறைகளைத் தோள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் கடையில் வியாபாரம் நிறையட்டும், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் அண்டாதிருக்கட்டும். கடிதம் கண்டதும் தங்கைக்குப் போன் செய். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்
சுடலைராஜ்

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். கூரியர் ஆள் வருவதற்குள் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த உன் தங்கை, பிள்ளை குத்தட்டும் என்று அவர்களே சொன்னதும், அங்கிருந்தபடியே என்னைத் தகடு கொண்டுவரச் சொன்னாள். லியோனார்ட் அவர் பக்கம் நட்டை முடுக்கிவிட்டு வந்து, "யார்னா ஒரு குத்து வுட்டுப் பாருங்க" என்றார். வெற்றி கல்லூரிக்குப் போயிருந்தாள். உன் தங்கை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு விட்டாள் பார் மச்சான்! கடைசிக் குத்தை "இரும்பு வியாபாரியாம்!" என்று சொல்லிக்கொண்டே விட்டாள். பை தாங்கியது. "சுகி, எனக்கும் ஒண்ணு" என்று அடைக்கலமேரி வரிசையில் வந்து நின்றார். பேசி முடித்தது இதுதான்: தகடு அவர்கள் சுவரிலேயே இருக்கும், அவர்கள் சொல்கிற நிறத்தில் பெயின்ட் என் செலவு. மாதாமாதம் நட்டு முடுக்குவது லியோனார்ட் பொறுப்பு. செபமாலை நேரத்தில் குத்து கிடையாது. சாயங்காலம் வெற்றிக்கு. காலை ஆறிலிருந்து ஏழு வரை பை சுகிர்தத்துக்கும் அடைக்கலமேரிக்கும். அந்த ஒரு மணி நேரம் லியோனார்டும் நானும் ஹால் பக்கம் தலைகாட்டாமல், இரண்டு வீட்டுக்கும் காபி போட்டு, பாத்திரமும் கழுவி வைக்க வேண்டும்.