ஏரிக்காவல் மாறனும் பைப் கடை சிராஜும்

"மாறனா இருந்தா முள்ளு எடுத்துட்டுத்தான் மீனையே தட்டுல வெப்பான்" என்றாள் ஷாஹீதா.

செல்போன் திரையைத் தள்ளியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த சிராஜின் விரல் நின்றது. "யாரு மாறன்?"

"இந்தக் கதையில வர்றவன். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி நம்மூரு ஏரிக்குக் காவக்காரன். பொண்டாட்டின்னா உசுரு அவனுக்கு."

அவள் மடியில் தலையணை மாதிரி ஒரு நாவல் கிடந்தது. பக்கத்து வீட்டு ஷப்ரீன் டீச்சர் படித்துவிட்டுக் கொடுத்தது. ஒரு அத்தியாயம் சோழர் காலத்தில் நடக்குமாம், அடுத்தது இந்தக் காலத்தில். ஏரியைத் தூர்வாரும்போது கிடைத்த எலும்பை வைத்து, அந்தக் காலத்துக் கொலையை இந்தக் காலத்து இன்ஸ்பெக்டரம்மா துப்புத் துலக்குகிறாளாம்.

"கதைதானே" என்று சிராஜ் கை கழுவினான். ஆனால் கடைத்தெருவில் தன் பைப் கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் நாலு தடவை போன் பண்ணுகிறவள், இப்போது பண்ணுவதே இல்லை. என்றோ மண்ணாகிப்போனவன் மேல் பொறாமைப்படுவது கேவலம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, எரிகிறதே.

சாலவாக்கத்திலிருந்து மோட்டாருக்கு ஓஸ் வாங்க வந்த கன்னியப்பனிடம் மனசைக் கொட்டினான்.

"இம்மாந்தானா? புக்கைத் தூக்கி ஒளிச்சு வெச்சிடு பாய்" என்றார் அவர்.

மறுநாள் நாவல் கடையில் பைப் எல்போ பெட்டிக்குப் பின்னால் போயிற்று. எதிரி எப்படிப்பட்டவன் என்று பார்க்க, சிராஜ் நடுவில் பிரித்தான். இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பில் போனாள். பத்துப் பக்கம் தள்ளினால் யாரோ குதிரையில் போனான். திரும்ப ஜீப். தலை சுற்றியது. மாறனைக் காணவே காணோம். கோழை, எங்கேயோ பதுங்கியிருக்கிறான் என்று மூடி வைத்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம்.

"புக்கு எங்கியோ பூடுச்சு. பரவால்ல, படிச்ச வரைக்கும் மனசுல கீது, சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தாள் ஷாஹீதா. மாறன் பாத்திரம் கழுவினான். மாறன் பொண்டாட்டி கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சினான். புத்தகம் இருந்தபோது வாயை மூடிக்கொண்டாவது இருந்தாள்!

விடிந்ததும் சிராஜ் நாவலைக் கொண்டுவந்து பீரோவுக்கு மேல் வைத்தான்.

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும்" என்றார் அடுத்த முறை வந்த கன்னியப்பன். "அவன் பண்றதை நீயும் பண்ணு. அப்புறம் அவன் இன்னாத்துக்கு?"

சிராஜ் மீன் முள் எடுத்தான். மூன்று முள் அவன் விரலில் ஏறியது.

"நல்லாத்தான் கீது. ஆனா மாறன் சாப்பிடறப்ப வேற எதையும் பாக்க மாட்டான். அவ மூஞ்சியத்தான் பாப்பான்."

செல்போன் அலமாரிக்குப் போனது. பாத்திரம் கழுவினான். ஒருநாள் காலையில் உப்புமாகூடக் கிண்டினான். நாஷ்டா கடையில் வாங்கி வந்திருக்கலாம் என்று இருவருக்குமே தோன்றியது, ஆனாலும் ஷாஹீதா மிச்சம் வைக்கவில்லை.

"இப்ப நான் மேலா, அவன் மேலா?"

"நெருங்கிட்டே. ஆனா கலங்கல் பாயறப்ப அவன் பொண்டாட்டிய கூட்டிக்கினு போய்க் காட்டுவான்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான். "தண்ணிதானே, குழாயத் தெறந்தா வரும்" என்பான் சிராஜ். இந்த வருஷ மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிய, ஊரே வேடிக்கை பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

கலங்கல் மேட்டில் ஒரே சேறு.

"மாறன் அவ செருப்பைக் கையில எடுத்துக்கினு பின்னாலயே வருவான்."

"சோழர் காலத்துல லேடீஸ் செருப்பு இருந்துச்சா?"

"புக்குல போட்டுக்கீது."

எடுத்துக்கொண்டான். கைலியை மடித்துக் கட்டி, இரண்டு கையிலும் செருப்போடு, தெரிந்தவர்கள் பார்க்க நடந்தான். பொங்கிப் பாயும் தண்ணீரில் காலை வைத்த ஷாஹீதா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கு மாறன் தோத்துட்டான்."

சிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மாறன் பேஜார் விட்டது! அவள் வேர்க்கடலை வாங்கப் போனாள். பக்கத்தில் ஷப்ரீன் டீச்சர் நின்று தண்ணீரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவன் தோரணையில் அவளிடம் போனான்.

"டீச்சரம்மா, உன் புக்குல அந்த மாறன் கடைசில இன்னா ஆவறான்? பொண்டாட்டிய நல்லா வெச்சுக்கறானா?"

ஷப்ரீன் அவன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாறனா பாய்? அவன் மொதப் பக்கத்துலயே செத்துட்டான், கல்யாணங்கூட ஆவல பாவம்!"