அறுபத்து நாலாயிரத்து ஐந்நூற்றுவனை வழிமறித்த படலம்

வாழ்க மோகனப்பிரியா! அஸ்தம்பட்டி மூன்றாம் மாடியின் முடிசூடா நாயகி, மஞ்சள் கேபிளும் நீலக் கேபிளும் தோரணமாய்த் தொங்கும் குளிரறையின் காவல் தெய்வம், சேலத்து வெயிலிலும் ஸ்வெட்டர் களையாத வைராக்கியச் செல்வி வாழ்க! அவள் புகழ் பாட எமக்கு நா போதாது. ஆயினும் பாடியே தீருவோம், ஏனெனில் அவள் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனியில் வேறு யாரும் பாடப்போவதில்லை.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். ஜலகண்டாபுரத்தில் நாச்சிமுத்து என்றொரு பட்டு நெசவுக்காரர். நாள்தோறும் நண்பகலில் கோலாலம்பூர் கடைக்காரம்மாவுக்கு வீடியோவில் சேலை காட்டி ஆர்டர் பிடிப்பவர். மூன்று நாளாய் அந்தப் படம் உறைந்து நிற்க, காலை பத்தரைக்குப் போனில் இடியென முழங்கினார். "இன்னிக்குப் பன்னண்டு மணிக்கும் படம் நின்னுச்சுன்னா லைனைக் கழட்டிப்போடுவேனுங்க சாமி. என்ற பேச்சைக் கேட்டு லைன் வாங்குன முப்பத்திரண்டு ஊட்டுக்காரங்களும் கழட்டிப்போடுவாங்க, பாத்துக்குங்க." அவர் சிபாரிசோடு அந்த முப்பத்திரண்டு வீட்டையும் ஸ்கூட்டரில் வெயிலில் அலைந்து பிடித்தவள் மோகனப்பிரியா.

பகைவன் யார்? இணையத்தில் வரும் ஒவ்வொரு பாதையும், செக்போஸ்ட்தோறும் முத்திரை வாங்கிய லாரியைப்போல, தான் கடந்துவந்த வலைப்பின்னல்களின் எண்களை வரிசையாய்ச் சுமந்து வரும். எந்தப் பாதையில் அனுப்புவது என்று தீர்மானிக்கும் அவளது ரூட்டிங் சுவிட்ச், அந்தோ, எண்கள் குறைவான பாதையே குறுக்குப் பாதை என நம்பும் வெள்ளந்தி! இதையறிந்த வஞ்சகன் ஒருவன், அறுபத்து நாலாயிரத்து ஐந்நூறு என்னும் எண்ணுடையோன், எண்ணிக்கையில் குறுகியும் தொலைவில் நீண்டும் நின்று, தெற்கே புதுச்சத்திரம் போகிறவனை வடக்கே ஏற்காடு மலை ஏற்றி இறக்குவதுபோல, கோலாலம்பூர் செல்ல வேண்டிய நாச்சிமுத்துவின் சேலையை லண்டன் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தான்!

சினந்தாள் செல்வி. நாற்காலியை இழுத்தாள், அது அலறியது. "ஐந்நூற்றுவனின் எண்ணைச் சுமந்துவரும் பாதை எதுவாயினும் உள்ளே வரலாகாது!" என்று ஒற்றை வரியில் ஆணை எழுதி, கம்பெனியின் இரு வெளிவாசல்களிலும் காவலுக்கு நிறுத்தி, என்டர் என்னும் பிரம்மாஸ்திரத்தை ஏவினாள். மணி பதினொன்று நாற்பது.

வீழ்ந்தான் ஐந்நூற்றுவன். அவனோடு வீழ்ந்தன சென்னை வழி வந்த பாதைகளும், மும்பை வழி வந்த பாதைகளும், குற்றமேதும் அறியாத லட்சோப லட்சம் பாதைகளும்! சேலத்துக்கு வெளியே உலகம் என்று ஒன்று இருப்பதையே அந்தச் சுவிட்ச் மறந்தது. போர்வெல் போடும் ரிக் ஆபீஸ்கள் இருண்டன. பல் கிளினிக்குகள் பதறின. மேசைமேல் இருந்த நான்கு போன்களும் ஒருசேர முரசறைந்தன.

கம்பெனி முதலாளி தீனதயாளன் கதவைத் தள்ளிக்கொண்டு தோன்றி, உலகெங்கும் முதலாளிகள் கேட்கும் அந்த ஆதிக்கேள்வியைக் கேட்டார். "ஏம்மா, எதையாச்சும் தொட்டயா?"

"இல்லீங்க சார்" என்றாள் மோகனப்பிரியா. புறமுதுகு காட்டாதவள் முகம் மட்டும் காட்டாமல் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது என்பதே உண்மை.

யாது பிழை? தன் ஆணையை மீண்டும் படித்தாள். இன்னாரைத் தடு என்று எழுதியிருந்தாள். மற்றவரை விடு என்று எழுதவில்லை. இத்தகைய ஆணைப் பட்டியல் ஒவ்வொன்றின் முடிவிலும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டம் காலங்காலமாய்க் காத்திருக்கிறது: விடச் சொல்லாத எவனையும் விடேன்! கல்யாண மண்டப வாசலில் நின்று, ஒரு குடிகாரனை விரட்டச் சொன்னதற்கு மாப்பிள்ளை முதல் சமையல்காரர் வரை அத்தனை பேரையும் விரட்டிய காவல்காரனைப்போல, அவள் எழுதாததை அது செய்து முடித்திருந்தது. முதல் நாள் பாடத்திலேயே சொல்லித்தரும் விஷயம் இது.

பதினொன்று ஐம்பத்திரண்டு. தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு, "ஏனையோர் யாவரும் வருக!" என்னும் இரண்டாம் வரியை எழுதினாள். அதற்கு வேண்டியிருந்தது 'விடு' என்னும் ஒரே ஒரு சொல்லும், 'எவராயினும்' என்று பொருள்தரும் ஒரு புள்ளியும், ஒரு நட்சத்திரமும் மட்டுமே. தட்டினாள் என்டரை. வாசல்கள் விரிந்தன, பாதைகள் வெள்ளமெனப் புகுந்தன, ஐந்நூற்றுவன் மட்டும் வெளியில் நின்றான். கோலாலம்பூர் சென்னை வழியாகச் சமுத்திரம் தாண்டி, நேரே வந்து சேர்ந்தது. தீனதயாளன், தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணியபடி தம் அறைக்குத் திரும்பினார்.

பன்னிரண்டே காலுக்கு நாச்சிமுத்துவின் அழைப்பு வந்தது. வெற்றிச் செய்தி ஏற்க எழுந்து நின்றே போனை எடுத்தாள் வீரச்செல்வி.

"படம் கண்ணாடியாட்டம் வந்துச்சுங்க சாமி. பார்டர்ல ரெண்டு நூல் அறுந்திருந்தது வரைக்கும் அந்தம்மா பாத்துப்போட்டு, சீலை வேண்டாம்னுட்டாங்க. லைன் இருக்கட்டுங்க, கழட்டல. அதே தறியில நெய்ஞ்சது இன்னும் நாலு சீலை கெடக்குது, நாளைக்கு அதைக் காட்டறப்ப மட்டும் கொஞ்சம் பழையபடி உடுங்க."

மோகனப்பிரியா சரிங்க என்று போனை வைத்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போனாள்.